செவ்வாய்க்கிழமைப் பிள்ளைகள்

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே நாங்கள் நலம். அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன், நம்பத்தான் முடியும், போனில் எப்போது கேட்டாலும் ஆச்சும்மா ஆச்சும்மா என்கிறாய். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பக்கத்து வீட்டில் சுவரை இடித்துக் கட்டுகிறார்கள், வீடெல்லாம் தூசி, உன் அறைக் கதவிடுக்கை மட்டும் துணி வைத்து அடைத்திருக்கிறேன். போனில் சொல்ல வந்து சொல்லாமல் விட்டதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன், எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது இல்லையா.

உன் ஆராய்ச்சிக்காக என் பாட்டு வகுப்பை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தாயே, வியாழக்கிழமைப் பிள்ளைகள் பாடி முடித்ததும் நான் பாராட்ட வேண்டும், செவ்வாய்க்கிழமைப் பிள்ளைகள் எப்படிப் பாடினாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் "அடுத்தது" என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று. உளவியல் படித்தவள் நீ, பாராட்டு பிள்ளைகளின் பயிற்சியை என்ன செய்கிறது என்று பார்க்க இதுதான் வழி என்றாய், சும்மா இருப்பதில் என்ன கஷ்டம் என்று நானும் சரி என்றேன். இப்போது செவ்வாய்க்கிழமை விடிந்தாலே வகுப்புக்கு லீவு விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. மூலையில் உன் கேமராவின் சிவப்பு விளக்கு, எதிரே பிள்ளைகளின் கண்கள், நடுவில் தலையைக்கூட அசைக்க முடியாமல் கீபோர்டைப் பிடித்துக்கொண்டு நான். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நேற்று அப்பா சமைத்துப் போட்டுவிட்டு எப்படியிருக்கு என்று கேட்டார், நான் ஏதோ நினைப்பில் தட்டை நீட்டி அடுத்தது என்றேன். "என்னையும் அந்த குரூப்ல தள்ளிட்டியா, மகள்கிட்ட சொல்லி வியாழக்கிழமைக்கு மாத்தச் சொல்லு" என்றார். சிரித்தேன், அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமையில் சிட்டு என்று நாங்கள் கூப்பிடும் பெண், நீ கேமரா மாட்டிய அன்று உன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டே பாடினாளே, அவள்தான். முன்பெல்லாம் படியேறும்போதே அவள் குரல் உள்ளே வந்துவிடும். இப்போது எல்லோரோடும் சேர்ந்து பாடும்போது உதடு மட்டும் அசைகிறது. தனியாகப் பாடவைத்தால் முடித்துவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள், நான் அடுத்தது என்கிறேன், போய் உட்கார்ந்துவிடுகிறாள். அவள் அம்மா, தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவள், போன வாரம் என்னை வாசலிலேயே நிறுத்தி, "வீட்லகூட பாட மாட்டேங்கிறா டீச்சர், குரல் சரியில்லன்னா ஒளிக்காம சொல்லிடுங்க, நிறுத்திக்கிறேன், புள்ள ஏன் வீணா ஏங்கணும்" என்கிறாள். யார் எந்தப் பிரிவு என்று பெற்றவர்களிடம் சொல்லக்கூடாது என்றாயே. பார்க்கலாம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். வகுப்பிலேயே சுருதியோடு சுத்தமாகச் சேர்கிற குரலுக்கு நான் சொன்ன பதில் அது.

உன் பக்கமும் தெரியாமல் இல்லை. முதலில் செய்த ஆராய்ச்சியை உன் பேராசிரியர் ஒரே வார்த்தையில் தள்ளினார், இதுவும் கெட்டால் அந்த விரிவுரையாளர் வேலைக்கு உன் பெயரை எழுத மாட்டார். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லூரிப் பரீட்சைக்குப் போனவள் நான், படிப்பு நடுவில் நின்றால் என்னவாகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். ஒரு வார்த்தை சொன்னால் உன் உழைப்பு கெடும், சொல்லாவிட்டால் அவள் பாட்டு போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் இருக்கிறது.

நாளை செவ்வாய்க்கிழமை. நன்றாகப் பாடினாய் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன் போலிருக்கிறது. சொன்னால் கேமரா ஓடும்போதேதான் சொல்வேன், உனக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. இது உன் கைக்கு வரும்போது அதைச் சொல்லியிருப்பேன், அல்லது மறுபடி அடுத்தது என்று சொல்லியிருப்பேன். எதைச் சொன்னாலும் ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், அது அவளா நீயா என்பதுதான் பாக்கி. கோபம் வந்தால் கோபப்படு, சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு.

இன்னொன்று. நீ அனுப்பிய கட்டுரையைப் படித்துவிட்டு அம்மா ஒன்றுமே சொல்லவில்லை என்று அப்பாவிடம் குறைப்பட்டாயாமே. இரண்டு தடவை படித்தேன், நன்றாக எழுதியிருக்கிறாய். இங்கே கேமரா இல்லை, இது எந்தக் கணக்கிலும் வராது, நீயே வைத்துக்கொள்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. எடுத்த காரியம் கைகூடி நீ நிறைவாக இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா