கார்வரை எல்லைக் கல்லில் காத்து நின்றவர்கள்

மழை காலம் தவறாது பொழிக. நெற்கதிர் தலை தாழ்ந்து விளைக. பகையும் பசியும் நாட்டெல்லைக்கு வெளியே நிற்க. யானைப்படை உடையார், இரண்டு ஆற்றின் இடைநிலம் காப்பார், தண்பொழில் நாட்டின் அரசியார் வான்மங்கை நாச்சியாரின் ஆணையைத் தலைமேல் தாங்கிய பேரமைச்சன் வாகைக்குடிகிழான் மாதேவன், இடுக்குவாய்க் கோட்டைத் தலைவர் மழவன் பூதியாருக்கு எழுதிவிடுத்த ஓலை. தங்கள் கோட்டையும், அதனுள் வாழ்வோரும், தங்கள் யானைகளும், தீராத தங்கள் முழங்கால் வலியும் நலம் பெறுக. அரசியாரின் விருதுப்பெயர்களுள் 'கார்வரைக்கு உடையார்' என்பது இவ்வோலையில் இல்லையே என்று எழுதினவனைத் தாங்கள் கடிந்துகொள்ள வேண்டாம். அதை விட்டது நாமே. காரணம் கீழே வரும்.

தங்கள் நெஞ்சு ஆறும்படி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். போர் இல்லை. வில்லெடுத்த கார்வரை மலைக்குடிகளான வரையர் தம் வில்லைக் கூரையில் செருகிவிட்டுத் தினைக்கொல்லைக்குப் போய்விட்டார்கள். நாமும் நெடுநாளைக்குப் பின் நேற்று வயிறார உண்டு, குறட்டை விட்டுத் தூங்கினோம் என்று நம் பணியாள் சொல்கிறான்.

தாங்கள் அறியாதது அல்ல. அரசியாரின் பாட்டனார் காலத்தில், யானை பிடிக்கும் காடு வேண்டும் என்று, கார்வரையில் தொன்றுதொட்டு வாழ்ந்த வரையரை நம் படை மலையிலிருந்து இறக்கியது. சிலர் மேல்வரைக்கு ஏறி மறைந்தார்கள். மற்றவர்கள் கோட்டையைச் சுற்றிப் புல்லறுத்தும் யானைக்குக் கவளம் உருட்டியும் பிழைத்தார்கள். அந்தத் தவறு போதும், மலை அவர்களுக்கே திரும்பட்டும் என்று அரசியார் திருவுளம் கொண்டு, யார் வரையர், யார் அல்லர் என்று விசாரித்து அறிவிக்கும்படி தங்களுக்குக் கட்டளை அனுப்பினார்.

தாங்களும் பந்தல் போட்டு, முரசு அறைந்து, வந்தவர் ஒவ்வொருவரையும் நிறுத்தி அவரவர் குடி யாது என்று கேட்டீர்கள். மலைக்காட்டின் மேல் கண் வைத்த மரவணிகர் ஏவிய ஆட்கள் மார் தட்டி, தாமே வரையர் என்று கோட்டை அதிரச் சொன்னார்கள். மெய்யான வரையர் வாய் திறக்காமல் நின்றார்கள். கேட்டதற்கு விடை சொல்லாதவர் குடியற்றவர் என்று தாங்கள் தீர்த்து, மழைக்கு முன் அவர்கள் மலையடியை விட்டே போகவேண்டும் என்று விரட்டினீர்கள். மலையை மரவணிகருக்குக் கொடுக்க இதைவிட நேரான வழி அவர்களுக்கே தோன்றியிராது. செய்தி கேட்டு மேல்வரையார் வில்லை எடுத்தார்கள். பல்லக்கு ஏறாத பாதையில் நாம் நடந்தே ஏறினோம்.

வரையரின் தலைவியான மூப்பத்தி சடைச்சி என்பாள் நம்மைத் தம் ஊரின் எல்லைக் கல்லுக்கு இப்பால் நிறுத்தி, கூழ் கொடுத்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்திருக்கையில் ஒன்று கண்டோம். வேட்டைக்குப் போய்த் திரும்பியவர்கள் தம் சொந்த ஊரின் கல்லருகே வந்ததும் நின்றுவிட்டார்கள். உள்ளிருந்து ஒருத்தி அவர்கள் குடிப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகே கல்லைக் கடந்தார்கள். சற்று நேரத்தில் அந்த மூப்பத்தியே விறகுக்கட்டோடு வந்து, தன் ஊர் வாசலில் அயலாளைப் போல நின்றாள். மருமகள் கூப்பிட்ட பிறகே உள்ளே போனாள். நமக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே தங்கள் பந்தல் நினைவுக்கு வந்து, கூழ்க் கலயத்தைக் கீழே வைத்தோம்.

ஏன் இப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டோம். மூப்பத்தி சொன்னது இது. தன் குடியைத் தன் வாயால் சொல்லிக்கொள்பவன் களவாட வந்தவன். ஒருவன் இன்ன குடி என்பதை உள்ளிருப்பவர்தாம் சொல்லவேண்டும். கோட்டையார் வரையரையே கேட்டபோது, தம்மைத் திருடராக்கிக் கேலி செய்கிறார்கள் என்றே எல்லோரும் எண்ணியதாகவும், மலையைப் பிடுங்கியதைவிட அது வலித்ததாகவும் அவள் கூறினாள். பூதியாரே, தாங்கள் வஞ்சம் நினைத்தவர் அல்லர் என்று அவளிடம் சொன்னோம். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

ஆகவே விசாரணையைக் கோட்டையிலிருந்து எல்லைக் கல்லுக்கு மாற்றினோம். குடி கோரியவர் ஒவ்வொருவராக வந்து பேசாமல் நிற்க, உள்ளிருப்பவர் கூப்பிட்டால் உள்ளே போகவேண்டியது, இல்லையேல் திரும்ப வேண்டியது. மரவணிகரின் ஆட்கள் சிறிது நின்றார்கள், பிறகு கூவினார்கள், பிறகு தாமே ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மலையே சிரித்தது. வெயில் ஏறுமுன் இறங்கிப் போய்விட்டார்கள். கோட்டையடியில் கிழிந்த துணியோடு கிடந்தவர்களை மாமன் என்றும் அத்தை மகள் என்றும் குடிப்பெயரோடு கூப்பிட்ட குரல் ஓயவில்லை. நாம் அழுதோம். அமைச்சன் அழலாமா என்று தாங்கள் கேட்டால், வந்து நின்று பாருங்கள் என்பதே நம் விடை.

கடைசியாக நறுவி நின்றாள். தங்கள் யானைக்கொட்டிலில் கவளம் உருட்டும் அதே நறுவி. விடை சொல்லாத திமிருக்காகத் தாங்கள் முதலில் விரட்டியவள். மலை இறங்கிய வரையத்தி ஒருத்தியின் மகள். தகப்பனோ நம் நாட்டுப் பாகன். இருவரும் இறந்துபோனார்கள், மேல்வரையில் அவளை அறிந்தவர் ஒருவரும் இல்லை. கடுவன் என்பவன் எழுந்து, நாட்டான் விந்தில் பிறந்து கோட்டைச் சோற்றில் வளர்ந்தவள் தம்மவள் ஆகமாட்டாள் என்றான். அவனுடைய தமையனைக் கொன்றது நம் படை. அவனை நொந்துகொள்ளத் தகாது. வேறு சிலரும் அவன் பக்கம் பேசினார்கள். அவள் வெயிலில் நின்றாள். கோட்டையிலும் அவளுக்கு இடமில்லை, மலையிலும் இல்லை என்றால் போவதற்கு வேறு நிலமில்லை. அரச முத்திரை நம் இடுப்பில் இருந்தது. அதைக்கொண்டு அவளை அரை அடிகூட உள்ளே நகர்த்த நம்மால் ஆகவில்லை.

அப்பொழுது, சற்று முன் கூப்பிடப்பட்டு உள்ளே போயிருந்த புல்லறுப்பாள் ஒருத்தி எழுந்து ஒரு செய்தி சொன்னாள். நறுவியின் தாய் உயிரோடிருந்த வரையில், நாள்தோறும் பொழுது சாயும்போது தன் குடிசை வாசலில் ஒரு கல்லை நட்டு வைத்து, மகளை அதற்கு வெளியே நிறுத்தி, தேனடைக் குடியாளே, உள்ளே வா என்று கூப்பிட்ட பிறகே சோறு போடுவாளாம். கொட்டிலில் உள்ள அனைவரும் அதைக் கேட்டு நகைத்ததுண்டாம்.

கூட்டம் மூப்பத்தி பக்கம் திரும்பியது. மூப்பத்தி கடுவனைப் பார்த்து, அழைப்பு எப்பொழுதோ ஆகிவிட்டது, வரையர் காதில் விழத்தான் இத்தனை காலம் ஆயிற்று என்றாள். அவனே கூப்பிடட்டும் என்று அவள் சொல்லவில்லை, காத்திருந்தாள். கடுவன் நிலத்தைப் பார்த்தபடி, கரகரத்த குரலில், தேனடைக் குடியாளே, உள்ளே வா என்றான். நறுவி கல்லைக் கடந்தாள். நம் தலையிலிருந்து ஒரு மலையையே இறக்கி வைத்தது போலிருந்தது.

இவை யாவும் அரசியார் திருச்செவிக்கு எட்டி, அருளிய கட்டளையாவது: யார் வரையர் என்று இனி எந்தக் கோட்டையும் கேட்கலாகாது, அது எல்லைக் கல்லின் உட்புறத்தார் தீர்ப்பது. மரவணிகரின் குடில்களை மழைக்கு முன் அகற்றுக. தாங்கள் குடையும் முரசும் இன்றி ஏறிச்சென்று அந்தக் கல்லருகே நின்று, விரட்டியதற்குப் பொறுத்தருளக் கேட்டுவருக. முழங்காலைக் காரணம் காட்டவேண்டாம். ஊன்றுகோல் இத்துடன் அனுப்பியிருக்கிறோம்.

இன்னும் ஒன்று. கார்வரைக்கு உடையார் என்று மூன்று தலைமுறையாக நம் அரசர்கள் தம் வாயால் தம்மைச் சொல்லிவந்தார்கள். அத்தகையவருக்கு மலையில் என்ன பெயர் என்பதை அரசியாரிடம் மறைக்காமல் சொன்னோம். அவர் முத்திரையைக் கேட்டு வாங்கினார். பிறகு அந்த விருதை அழிக்கச் சொன்னார். மழை முடிந்ததும் அவரே ஏறிவந்து கல்லுக்கு வெளியே நிற்பார். அவரைக் கூப்பிடும்படி ஒருவருக்கும் ஒருவரும் சொல்லக்கூடாது. கூப்பிடாவிட்டால் கூழ் குடித்துவிட்டு இறங்கிவருவார். மறு ஆண்டும் போவார்.

சொன்னது சொன்னபடி நடக்க. நடந்ததை மறு ஓலையில் அறிவிக்க. அரச முத்திரை கீழே இட்டிருக்கிறோம். அதில் யானை உண்டு, இரண்டு ஆறு உண்டு. மேலே மலை இருந்த இடம் வழவழவென்று வெறுமையாய் இருக்கும். பொய் முத்திரை என்று ஐயுற வேண்டாம்; அரசியார் தம் கையாலேயே தேய்த்தது.