டாக்டர் வருவதற்கு முன்

அன்பும் அதட்டலும் சரிபாதியாகக் கலந்து எனக்கு வாய்த்த அத்திம்பேருக்கு,

நமஸ்காரம். மேலோகத்தில் உங்களை எந்த ஆபீசில் போட்டிருக்கிறார்களோ தெரியாது. கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் மேலதிகாரிகளின் ஆங்கிலத்தையே சிவப்பு மையால் திருத்தியவர் நீங்கள். அங்கே சித்திரகுப்தன் எழுதுவதைத் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்காமலா இருப்பீர்கள்? பாவம், அவர் இந்நேரம் மாற்றல் கேட்டு மனுப் போட்டிருப்பார்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் பெண் மாலினிக்கு வேலை கிடைத்துவிட்டது. சால்ட் லேக்கில் ஒரு பள்ளிக்கூடம், ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம். அக்காவும் அவளும் லேக் கார்டன்ஸ் வீட்டிலேயே இருக்கப் போகிறார்கள். சென்னை ரத்து.

என்ன சென்னை, ஏது சென்னை என்று நீங்கள் புருவத்தைத் தூக்குவது தெரிகிறது. துர்கா பூஜைக்குள் மாலினிக்கு வேலை அமையாவிட்டால் இரண்டு பேரும் நங்கநல்லூருக்கு வந்துவிட வேண்டும் என்று உங்கள் தம்பி தீர்மானம் போட்டிருந்தார். நல்ல மனுஷர். மாடி அறைக்குப் பெயின்ட் கூட அடித்துவிட்டார். அக்கா ஒன்றும் பேசவில்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். இந்த ஊரிலேயே பிறந்தவள், கோபம் வந்தால் அவளுக்கு வங்காளிதான் வரும். நங்கநல்லூரில் கீரைக்காரியிடம் எந்த பாஷையில் சண்டை போடுவாள்? பௌதி என்று நாமெல்லாம் கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அண்ணி தினமும் மாடியேறி வந்து, சாக்குகளைப் பார்த்து அழுது, டீ குடித்துவிட்டு இறங்கிப் போனாள். அந்த மாதம் கங்கையில் தண்ணீர் ஏறியதற்கு மழைதான் காரணம் என்று பேப்பரில் போட்டார்கள். எனக்கல்லவா தெரியும்.

மாலினிக்கு அதுவரை வேலை கிடைக்காததற்குக் காரணம் நீங்கள். கோபிக்காதீர்கள், முழுக்கக் கேளுங்கள்.

பள்ளிக்கூடங்களில் இப்போது வேலைக்கு எடுப்பதற்கு முன் ஒரு வகுப்பு நடத்திக் காட்டச் சொல்கிறார்கள். அவளுக்குப் போன இடத்திலெல்லாம் பாஸ்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ்தான் வந்து வாய்த்தது. முடிந்துபோன இரண்டு காரியங்களில் எது முந்தி முடிந்தது என்று சொல்ல வெள்ளைக்காரன் வைத்த 'ஹேட்'. அதற்கு நம் நாட்டு இலக்கணப் புத்தகங்களில் ஒரே உதாரணம்தான் உண்டு: தி பேஷண்ட் ஹேட் டைட் பிஃபோர் தி டாக்டர் கேம். டாக்டர் வருவதற்கு முன்பே நோயாளி இறந்துவிட்டிருந்தார். குமரியிலிருந்து காஷ்மீர் வரை அந்த மனிதர் பள்ளி நாளெல்லாம் செத்துக்கொண்டே இருக்கிறார். எந்த டாக்டருக்காவது ஒரு நாள், ஒரே ஒரு நாள், சீக்கிரம் கிளம்பத் தோன்றியதா?

நீங்கள் போன அன்று காலை டாக்டரைக் கூப்பிட ஓடியவள் மாலினி. அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு அவள் மாடியேறி வந்தபோது என்ன ஆகியிருந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அந்த வாக்கியம் அவள் வாயில் வரவில்லை. முந்தைய பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் பாதி எழுதிவிட்டு, சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். "நான் இன்னும் கொஞ்சம் வேகமா ஓடியிருக்கணும், மாமா." இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சால்ட் லேக் பள்ளிக்கூடத்திலும் அதே பாடம் என்று சொல்லிவிட்டார்கள். துணைக்கு நான் போனேன். வழியில் பிடித்தது மழை. பிரளயம் என்று ஒன்று வந்ததாகச் சொல்கிறார்களே, அது இந்த மழைக்கு ஒத்திகை. எங்கள் டாக்சி பாதி தூரம் டாக்சியாகவும் மீதி தூரம் படகாகவும் வந்து சேர்ந்தது. சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்து இரக்கப்பட்டு, அங்கே வாசல் காவலுக்கு இருந்த தர்வான் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்.

மாலினி கெட்டிக்காரி. டாக்டர் பக்கமே போகாமல் ரயில், பஸ், கால்பந்து என்று ஓட்டிக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய டீச்சர்கள் தலையை ஆட்டினார்கள். அப்போது ஒரு ரெட்டைப் பின்னல் எழுந்து, மனப்பாடப் பெருமையோடு, மணி மணியாகச் சொன்னது: தி பேஷண்ட் ஹேட் டைட் பிஃபோர் தி டாக்டர் கேம்.

மாலினி கையிலிருந்த சாக்பீஸ் அப்படியே நின்றது. என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்துக்கு ஹவுரா பாலம் ஆடியிருக்க வேண்டும். போச்சு, நங்கநல்லூர்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அவள் மெதுவாகத் திரும்பினாள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. உங்கள் சிவப்பு மைக்குப் பயந்து தமிழில் தருகிறேன்.

"கரெக்ட். டாக்டர் வர்றதுக்கு முன்னாடி அவர் வேற என்னெல்லாம் பண்ணியிருந்தார்?"

வகுப்பு விழித்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கை தூக்கியது.

"பல் தேய்ச்சிருந்தார், மிஸ்."

"பேப்பர் படிச்சிருந்தார்."

"பக்கத்து வீட்டுக்காரரோட சண்டை போட்டிருந்தார்."

"நிறைய இலிஷ் மீன் சாப்பிட்டிருந்தார், மிஸ். வறுத்தது."

மாலினி சிரித்துவிட்டாள். "சான்ஸே இல்லை. மீன் வாசனை வந்தா அவர் தெருவையே மாத்திண்டு போவார்."

"அப்போ என்னதான் சாப்பிட்டார்?"

"காபி. அன்னிக்கு அவரே கலந்தார். பொண்ணுக்கும் சேர்த்து." சொல்லிவிட்டு அதைப் பலகையில் எழுதினாள். ஹி ஹேட் மேட் காபி. எழுத்து கொஞ்சம்கூடக் கோணவில்லை.

"மிஸ், அந்தப் பேஷண்டை உங்களுக்குத் தெரியுமா?"

"ரொம்ப நன்னாத் தெரியும்."

நான் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "கி ஹோலோ, தாதா?" என்ன ஆச்சு அண்ணா என்றார் தர்வான். இலிஷ் முள் மாட்டிக்கொண்டது என்றேன். நாலு தலைமுறை சைவம், அத்திம்பேர். உங்களால் அதுவும் போயிற்று.

திரும்பி வரும்போது டாக்சியில் விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பிறகு, "மாமா, அன்னிக்குக் காலம்பற அப்பா நன்னாத்தானே இருந்தார்?" என்று கேட்டாள்.

"பிரமாதமா இருந்தார். என்னை ஃபோன்ல திட்டினார்."

"எதுக்கு?"

"குட் மார்னிங்கை நான் சரியாச் சொல்லலையாம்."

அவள் சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். வேகமாக ஓடியிருக்க வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் வரவில்லை. வேலைக்கான ஃபோன் வந்தபோது அக்கா முதல் காரியமாகச் சாக்குகளை அவிழ்த்தாள். அப்புறம் கீழே போய், பௌதியின் பால்காரரோடு வங்காளியில் ஒரு அருமையான சண்டை போட்டுவிட்டு வந்தாள். எவ்வளவு நாளாயிற்று அவள் குரலைக் கேட்டு.

ஒவ்வொரு வருஷமும் இந்தப் பாடம் வருமாம். ஆகவே சத்தியம் செய்கிறேன். டாக்டர் வருவதற்கு முன் நீங்கள் செய்து முடித்திருந்த காரியங்களை வருஷா வருஷம் மாலினிக்கு நான் எடுத்துக் கொடுப்பேன். சுந்தரவனத்துப் புலிக்கு நீங்கள் கமா போடக் கற்றுக்கொடுத்திருந்தீர்கள். தடம் புரண்ட இன்ஜினை ஒற்றைக் கையால் தூக்கி வைத்துவிட்டு, மறு கையால் அதற்கு அறிக்கையும் எழுதியிருந்தீர்கள். முக்கால்வாசி பொய்யாகத்தான் இருக்கும். காபியை மட்டும் நடந்தபடியே விட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் கடைசி வரை திட்டு வாங்கிய,
இன்னும் வாங்கத் தயாராக இருக்கும்
உங்கள் ஒரே மச்சினன்