துணைக்கால் இழந்த ஆணை

மங்கலம் ஓங்குக, மாரி பொய்யாது பொழிக. புன்னைநாடு முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் காத்தருளும் கோச்சேந்தர் பெருமானின் திருவடி நிழலிலிருந்து, ஓலைநாயகமும் முதுமந்திரியுமாகிய இளநாகர், எண்பத்துநான்கு வயதாகியும் இளநாகர் என்றே வழங்கப்பெறுபவர், மேல்வரை நாடு காக்கும் அழிசிவேளார் கண்டு தெளிய விடுக்கும் திருமுகம். வேளார்தம் மலைகளில் தேன் பெருகுக, சுனைகள் வற்றாதிருக்க, யானைகள் பாகர் சொல் கேட்க. இவ்வோலையை நின்றபடி படிக்க வேண்டா. அமர்ந்து, முதுகுக்கு ஒரு தூணும் உண்டென்று உறுதிசெய்துகொண்டு படித்தல் நலம். இங்கே நின்று கேட்டவர்களுள் பதினொருவர் இன்னும் படுக்கையைவிட்டு எழவில்லை.

வேளார் அறிந்த செய்தியிலிருந்து தொடங்குவோம். நம் பெருமானின் பாட்டனார் அறுபத்திரண்டு ஆண்டுகட்கு முன் புன்னைநாடு, மேல்வரை நாடு ஆகிய இரு நாட்டுப் பள்ளிகளுக்கும் ஓர் ஆணை விடுத்தார். மாணாக்கர் மும்மூவராகக் கூடி, ஊருக்குப் பயன்படும் பணி ஒன்றை முடித்துக் காட்டினாலன்றி எவர்க்கும் பட்டம் இல்லை. அம்மூவர் குழுவுக்குக் கூட்டு என்று பெயர். (இது சமையற்கூட்டன்று என்பதை இங்குள்ள மடைப்பள்ளியாருக்கு இருமுறை விளக்க நேர்ந்தது.) அவ்வாணையின் ஈற்றடி, “குறையுடையார் சேரக் கூட்டுச் செல்லாது” என்பது. கண்ணோ காதோ காலோ குறைந்த பிள்ளை ஒன்று சேர்ந்தாலும் அக்கூட்டுச் செல்லாது என்று பொருள்கொண்டு, அத்தகைய பிள்ளைகளைப் பள்ளி வாயிலிலேயே திருப்பி அனுப்பி வந்தோம். தாங்களும் அவ்வாறே செய்து வந்தீர்கள்.

இவ்வாணையைக் காப்பவர் கல்விக் கண்காணி மருதங்கிழார். முப்பத்தோராண்டாக அப்பொறுப்பில் இருப்பவர். அவர் பல்லக்கு ஊரெல்லையைத் தாண்டினால் பிள்ளைகளின் வாய் தாமாகவே வாய்ப்பாடு ஒப்பிக்கும். ஒருமுறை உழவுக்காளை ஒன்று பதினேழாம் வாய்ப்பாட்டைப் பாதிவரை சொன்னது. எட்டாவதில் தவறியமையால் அன்று அதற்கு வைக்கோல் வழங்கப்படவில்லை. அவருக்கு மறதி என்பது கிடையாது. மூல ஆணையோலையை வெள்ளிக்குழலில் இட்டு, காவலர் நால்வர் சூழ, ஊர்தோறும் கொண்டுசெல்வார். அரசர் திருமுகமாதலால் அதை எவரும் விரலால் தொடுவதில்லை. பட்டுத்துணியால் பிடித்து, இரண்டு முழம் தள்ளி நின்று படிப்பதே மரபு. அறுபத்திரண்டு ஆண்டும் அவ்வாறே படிக்கப்பட்டது.

ஆற்றிடைக்குறிச்சிப் பள்ளியில் பூதிநங்கை என்னும் ஆசிரியை ஆணையை மீறி இருவரைச் சேர்த்துக்கொண்டாள் என்று கடந்த ஆனித் திங்களில் முறையீடு வந்தது. கண்பார்வை இல்லாத செவ்வி என்னும் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி; காது கேளாத, வாய் பேசாத மழவன் என்னும் பையன் ஒருவன். அவ்விருவரையும் வெளியேற்றி ஆசிரியையின் பணியையும் பறிப்பதற்காகக் கண்காணியார் புறப்பட்டார். அங்கே நடந்ததை அவர் சொல்ல, இங்கே கேட்டு எழுதுகிறோம். அவ்வூரார் பேசியவை பேசியபடியே பொறிக்கப்பட்டுள்ளன. திருத்தினால் உண்மை வழுவும்.

பள்ளிக்குள் நுழைந்த கண்காணியார் தம் கண்களையே ஐயுற்றார். செவ்வி வலக்கை விரலால் ஒரு பழைய ஏட்டைத் தடவிக்கொண்டு, இடக்கை விரலால் மழவனின் முதுகில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். மழவன் குனிந்து புதிய ஓலையில் எழுத்தாணி ஓட்டிக்கொண்டிருந்தான். அருகே தொங்கன் என்னும் பையன், கண் காது கை கால் எல்லாம் ஒழுங்காக வாய்த்தவன், இரண்டு ஏட்டையும் மாறி மாறிப் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். பையன் முதுகில் என்ன கிறுக்குகிறாய் என்று செவ்வியை நோக்கிக் கண்காணியார் உறுமினார்.

“படிச்சுக் காட்டுறேன் ஐயா. அவனுக்குக் காது கேக்காது. முதுகு நல்லாக் கேக்கும்” என்றாள் செவ்வி.

அவ்வூர் ஏரியின் மடைமுறை ஏடுகள், எந்த வயலுக்கு எந்த நாளில் நீர் என்று சொல்லும் ஏடுகள், புகையும் எண்ணெயும் ஏறிக் கரியாய்க் கிடந்தன. கண்ணால் படிக்க முனைந்த இரண்டு கூட்டுகள் கைவிட்டுவிட்டன. ஓலையில் எழுத்து என்பது கீறல். மை அதன்மேல் பூசும் அலங்காரம். கீறலை விரல் படித்தது, முதுகு கேட்டது, எழுத்தாணி பொறித்தது, தெரிந்தவரை கண் சரிபார்த்தது. இருநூறு ஏடுகள் முடிந்திருந்தன. மடைத் தகராறில் ஒன்பது ஆண்டு முகம் பாராதிருந்த இரு தெருக்களும், முறை தெளிவானபின், வேறு ஏதேனும் காரணம் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தன. தொடக்கத்தில் தொங்கன், இவர்களோடு சேர்த்தால் எல்லா வேலையும் என் தலையில்தான் விழும் என்று அழுதானாம். இப்போது அவனால்தான் பணி தாமதம் என்று மற்ற இருவரும் குறைப்பட்டுக்கொண்டதாகத் தெரிகிறது.

கண்காணியார் மனம் இளகவில்லை. வெள்ளிக்குழலைத் திறந்து ஆணையைப் படித்தார். குறையுடையார் என்ற சொல் வந்ததும், “யாருக்குக் குறைன்னு அதுல போட்டிருக்கா ஐயா?” என்று செவ்வி கேட்டாள். போடவில்லை. அவர் மேலே படித்தார். இருவரும் இன்றே வெளியேற வேண்டும், ஆசிரியை பள்ளிச் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்றார்.

பூதிநங்கை வாதாடவில்லை. “ஆணைய மீறமாட்டேன் ஐயா. ஆனா உங்க ஓலையும் ரொம்ப நைஞ்சு போயிருக்கு. ஒரு படி எடுக்க விட்டுட்டுப் போங்க. புள்ளைங்க எதுக்கு வெளிய போனாங்கன்னு கேட்டா காட்ட ஒரு ஏடு வேணுமில்ல” என்றாள். கண்காணியாருக்கு இது முறையாகவே பட்டது. தந்த மோரை வாங்கிக் குடித்தார். குவளையைக் கீழே வைப்பதற்குள் செவ்வியின் விரல் அரசர் திருமுகத்தின்மேல் ஓடத் தொடங்கிவிட்டது. காவலருள் இருவர் கண்ணை மூடிக்கொண்டனர். மற்ற இருவர் அவர்களைத் தாங்கிக்கொண்டனர். கண்காணியார் அந்நால்வரையும் தாண்டி வருவதற்குள் படி முடிந்திருந்தது.

தொங்கன் சரிபார்த்தான். “ஒரு கால் கூடுதலாப் போட்டுட்டான். சேரக்னு இருக்கு, இவன் சேராக்னு எழுதியிருக்கான்.”

“அவன் போடல. நான் சொன்னதத்தான் எழுதினான். ஓலையில இருக்கு.”

“நான் பாக்குறேன்ல. இல்ல.”

“நீ பாத்துக்கிட்டே இரு. நான் தொட்டுட்டேன்.”

கண்ணுள்ளவர் அறுபத்திரண்டு ஆண்டு காணாததை இவள் கண்டாளோ என்று கண்காணியார் நகைத்தார். தொங்கன் நகைக்கவில்லை. அவன் வாய்மூடி இருந்தாலே போதும். வேறு கூட்டில் சேர்ந்து பட்டம் வாங்கிவிடலாம். அவனோ தலையைச் சொறிந்துகொண்டு, “ஐயா, இவ இப்படி என்கூட எத்தனையோ எடத்துல சண்டை போட்டிருக்கா. ஒண்ணுலகூட நான் ஜெயிச்சதில்ல. மை தடவிப் பாத்துருவோம்” என்றான். மை தடவியும் கால் தெரியாவிடில் திருமுகத்தைத் தீண்டிய குற்றத்துக்கு ஆசிரியை நாடு கடத்தப்படுவாள் என்றார் கண்காணியார். பூதிநங்கை சாவியை அவர் முன் வைத்தாள். “தடவுங்க” என்றாள்.

கோவையிலைச் சாற்றில் கரியைக் குழைத்து மழவன் தடவினான், துணியால் துடைத்தான். கீறலில் மட்டும் மை தங்கிற்று. சேர என்பதற்கும் க் என்பதற்கும் நடுவே, பழைய மை ஒருபோதும் ஏறியிராத ஒரு மெல்லிய கோடு கறுத்து எழுந்து நின்றது. துணைக்கால். சுவரிலிருந்த பல்லி சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு உள்ளே போயிற்று.

வேளார் இப்போது தூணைப் பற்றிக்கொள்க. ஆணை உரைப்பது, “குறையுடையார் சேராக் கூட்டுச் செல்லாது.” அவர்கள் சேர்ந்தால் செல்லாது என்பதன்று, அவர்கள் சேராவிட்டால் செல்லாது என்பதே பாட்டனார் திருவுள்ளம். அன்று மை தடவிய ஓலைக்காரர் அந்த இடத்தில் தும்மியிருக்கலாம். விசாரணை நடைபெறுகிறது, அவர் இறந்து ஐம்பது ஆண்டு ஆனமையால் அது சற்று மெதுவாகச் செல்கிறது.

கண்காணியார் மூன்று முறை படித்தார். பிறகு பட்டு விரிப்பை நாடாமல் வெறுந்தரையில் அமர்ந்தார். முப்பத்தோராண்டில் தாம் வாயிலிலிருந்து திருப்பி அனுப்பிய பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். மறதி இல்லாதவர் அல்லவா. ஒரு பெயரும் விடுபடவில்லை. தகப்பன் பெயர், ஊர், அன்று பிள்ளை உடுத்தியிருந்த துணியின் நிறம் உட்பட. பொழுது சாயும்வரை சொன்னார். முடிவில் செவ்வி, “இவங்க எல்லாம் இப்ப எங்க இருக்காங்க?” என்று மட்டும் கேட்டாள்.

செய்தி கோநகர் அடைந்தபின் நேர்ந்ததை வேளாரின் நலம் கருதிச் சுருக்கமாகவே சொல்வோம். சேராக் கூட்டுச் செல்லாது எனில், அறுபத்திரண்டு ஆண்டில் இரு நாட்டிலும் வழங்கிய பட்டம் ஒன்றும் செல்லாது. அரண்மனை மருத்துவர் கைநாடியைப் பிடித்தபடியே உறைந்தார். அது அவர் கைதான். அவைப் புலவர், தாம் பாடியவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டுமோ என வினவினார்; கேட்டோர் அனைவரும் மறுப்பின்றி இசைந்தனர். இளவரசரின் பட்டமும் செல்லாது, கண்காணியாருடையதும் செல்லாது, இவ்வோலை விடுக்கும் முதுமந்திரியுடையதும் செல்லாது. நாட்டில் முறைப்படி அமைந்த கூட்டு ஒன்றே ஒன்று, ஆற்றிடைக்குறிச்சியில் உள்ளது. பெருமான், நாம் எல்லோரும் மீண்டும் கூட்டுச் சேர்ந்து பணி முடிப்போம் என்றருளினார்.

கண்காணியார் பதவியைத் துறக்க வேண்டினார்; பெருமான் இசையவில்லை. துறப்பது எளிது, கூட்டுத் தேடுவதே கடினம் என்றருளினார். ஆகவே அவர் பல்லக்கின்றி நடந்து, தாம் முதன்முதல் திருப்பி அனுப்பிய நக்கண்ணி என்பவள் இல்லம் சென்றார். அன்று ஆறு வயதுச் சிறுமி. இன்று ஊன்றுகோலோடு செக்கு நடத்துபவள். தம்மைக் கூட்டில் சேர்த்துக்கொள்ளுமாறு வாயிலில் நின்று கேட்டார். அவள் காளையை நிறுத்தாமலே, “எழுதப் படிக்க நீங்கதான் விடல. அதனால முதல்ல எனக்குச் சொல்லிக் குடுங்க. அப்புறம் சேத்துக்கலாமான்னு பாக்குறேன்” என்றாளாம். இவ்வோலை எழுதும் நாள்வரை அவர் அச்செக்கடியிலேயே இருக்கிறார். அகரம் முடிந்து ககரம் நடைபெறுகிறது. இன்னும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை.

ஆகவே ஆணை. இவ்வோலை கண்ட நாள்முதல் மேல்வரை நாட்டுப் பள்ளி வாயில் எதுவும் எப்பிள்ளைக்கும் அடைக்கப்படாது. படியும் பாதையும் பாடமும் பிள்ளைக்கு ஏற்ப மாறுமேயன்றி, அவற்றுக்கு ஏற்பப் பிள்ளை மாற வேண்டுவதில்லை. திருப்பி அனுப்பப்பட்டோர் எவ்வயதினராயினும், அவர் வாயிலுக்கு ஆசிரியரே நடந்து சென்று அழைக்க; வர மறுப்பின் மறுநாளும் செல்க. அழிசிவேளார் அவர்களும் தம் பட்டம் செல்லாமையை மனங்கொண்டு, கார்த்திகைக்குள் ஒரு கூட்டில் இடம் தேடிக்கொள்க. அரசர் என்று சொல்லிக் கேட்க வேண்டா. அதனால் பயன் இல்லை என்பதை நம் பெருமான் பட்டறிந்தே சொல்லச் சொன்னார்.

இது கோச்சேந்தர் பெருமானின் திருவாணை. மீன்பொறி இட்டு, விரலால் மும்முறை தடவிப் பார்த்து, எழுத்தின் காலெல்லாம் உளவெனக் கண்டபின் விடுக்கப்பட்டது. வாசித்தவர் வாழ்க, தொட்டுப் பார்த்தவர் நெடிது வாழ்க.