புண்ணியத்துக்கு விட்ட மீன்

24.10, வெள்ளி

விடாத மழை. தறிக்குழியில் ஈரம், பாவு நூல் பிசுபிசுப்பு. நெசவு இல்லை. ஆகவே வீட்டு வேலை: ஓட்டு ஒழுகல், காஸ், கண்ணாடித் தொட்டியில் மீதமிருக்கும் டேங்க் கிளீனர் மீன்.

விரல் நீளத்தில் வாங்கியது, இப்போது முழங்கை நீளம். கூட இருந்த சின்ன மீன்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தாயிற்று. அடித்துப் போட்டுவிட்டுத் தொட்டியைக் கழுவுங்கள் என்றாள் மனைவி சுமதி. கறிக்குழம்பில் எலும்பைத் தேடுகிறவன் நான். ஆனாலும் கை வரவில்லை. குடத்தில் போட்டு, வண்டியில் வைத்து, ஏரிக்கு. விட்டதும் வாலை ஒரு ஆட்டு ஆட்டியது. கண் கலங்கிவிட்டது.

டீக்கடையில் சொன்னேன். பெரிய புண்ணியம் என்றார்கள். வடை ஒன்று அதிகம் தின்றேன்.

25.10, சனி

மகள் பிரியா வேலூரிலிருந்து வந்தாள். கல்லூரியில் விலங்கியல், இரண்டாம் வருடம். (நான் பத்தாவது, இரண்டு முறை.) குட்டை, ஏரி, ஆறு என்று எதில் என்ன மீன் இருக்கிறது என்று பார்க்கிறார்களாம். நம் ஏரி அவள் பங்கு.

சாப்பிடும்போது டேங்க் கிளீனர் பற்றி அவள் பேச்சு. பிறந்த இடம் தென் அமெரிக்கா. மற்ற மீன்களின் முட்டையைத் தின்னும், கரையைக் குடையும். வெயிலில் தண்ணீர் கொதித்துக் கெண்டை செத்து மிதந்தாலும் இது மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். முன்பு மழை பிரித்துப் பெய்தது, இப்போது ஒரே நாளில் கொட்டுகிறது. ஏரி வழிந்து அடுத்த ஏரியில் சேரும்போது மீனும் கூடவே போகிறது. கடைசியில் எல்லா ஊர் ஏரியிலும் ஒரே மீன்.

"நம்ம தொட்டியில இருந்தது எங்கப்பா?"

"செத்துப்போச்சும்மா."

"நல்லதாப் போச்சு. ஏரில விட்டுட்டு புண்ணியம்னு சொல்லிகினு திரியறாங்க, லூசுங்க."

சுமதி எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். திட்டியிருக்கலாம்.

26.10, ஞாயிறு

தூறல். வாளி தூக்க ஆள் வேண்டும் என்று பிரியா என்னை ஏரிக்கு இழுத்துப்போனாள். கரையில் மீன் பிடிக்கும் கோபால், தன் வலையைத் தானே பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தார். உள்ளே டேங்க் கிளீனர்கள், குஞ்சும் பெரிசுமாக. இதன் முள் மாட்டினால் வலையை அறுத்தால்தான் வருமாம். கெண்டை ஒரு கைப்பிடி. குறவை இல்லவே இல்லை.

"எந்தப் புண்ணியவான் வுட்டானோ, அவன் வந்து ஒரு நாள் குந்திகினு இத்தப் பிரிக்கட்டும்" என்றார்.

குனிந்து வாளியைக் கழுவினேன். சுத்தமான வாளி.

உள்ளுக்குள் ஒரு கேவலமான நிம்மதி வேறு: இத்தனையும் என்னுடையதில்லை, நான் விட்டது ஒன்றே ஒன்று. வீடு வருவதற்குள் அந்த நிம்மதியும் போயிற்று. இந்த ஊரில் என்னைப்போல மனசு இளகினவர்கள் எத்தனை பேரோ. ஆளுக்கு ஒன்றே ஒன்று.

27.10, திங்கள்

இரவெல்லாம் கொட்டியது. ஏரி வழிகிறது, ஊரே வேடிக்கை பார்க்கிறது. பிரியாவுக்கு மதியம் பஸ். அதற்குள் கரைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டேன்: செத்தது பொய், விட்டது நான்தான், அந்த லூசு. கத்துவாள் என்று காத்திருந்தேன்.

"எந்த எடம்? காட்டுப்பா."

படித்துறையைக் காட்டக் கை நீட்டினேன். படித்துறை தண்ணீருக்குள். அதைத் தாண்டி வழிகிற தண்ணீர், கால்வாய், கீழ் ஏரி. நீட்டின கையை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.