பையிலேயே இருந்த பஞ்சு

4-3-1956, ஞாயிறு. காஜா பேராங்.

ஹோம் கார்டு என்கிற ஊர்க்காவல் படையின் துப்பாக்கி சுடும் பயிற்சி முடிந்து இவர் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். துவைக்க எடுத்த சட்டைப்பையில், மெழுகு தோய்த்து நான் உருட்டிக் கொடுத்த பஞ்சு அழுக்குப்படாமல் அப்படியே இருந்தது. காதில் வைக்கவே இல்லை.

கேட்டதற்கு எரிந்து விழுந்தார்.

"அத்தனை ஆம்பளைங்க நடுவுல நான் மட்டும் காத அடைச்சிக்கிட்டு நிக்கவா? ரெண்டு காதும் லேசா இரையுது, இடதுதான் கொஞ்சம் அதிகம். காலையில சரியாப் போயிரும்."

போன பயிற்சிக்கும் இதையேதான் சொன்னார்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தார். இடது பக்கத் தொட்டிலில் பாப்பா வீறிட்டு அழுதாள். இவர் பாட்டுக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "என்னங்க" என்றேன். திரும்பவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடியும் கூப்பிட்டேன். அதற்கும் அசையவில்லை.

நாளை ராத்திரி செமாபோக்கில் இவருக்குக் காவல். இருட்டில் நிற்பவருக்குக் காதுதானே கண்? பின்னால் யாராவது வந்தால்...

எனக்கு எப்படித்தான் துணிச்சல் வந்ததோ. கல்யாணமான நாளிலிருந்து என் வாயால் சொல்லாத இவர் பேரை, இடது தோளுக்குப் பின்னால் நின்று சொன்னேன். முணுமுணுக்கவில்லை, உரக்கவே சொன்னேன். இங்கே அதை எழுதக்கூடக் கை வரவில்லை.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு அக்காவின் பேச்சு சட்டென்று நின்றது.

இவர் தட்டைப் பார்த்தபடியே, "ரசம் இருக்கா?" என்றார்.