கணக்கில் சேராத பனை

சங்கரன்கோவில்
10.8.2025

அன்பு மகள் எப்சிபாவுக்கு, நல்லக்கண்ணு மாமா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு மகபூப் பீவி டீச்சர் எழுதுவது.

வால்நட்சத்திரம் தெரியும் என்று ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த வருசம் அது. ஆடித்தபசு அன்றைக்கு மழை பெய்து சப்பரம் நனைந்தது. அந்த வருசம்தான் உன் அப்பா ஜெபசிங் அண்ணாச்சியோடு நான், இசக்கித்துரை, சங்கரராமன் மூன்று பேரும் சேர்ந்து பனவடலிசத்திரத்துக்கு டெலிபோன் கம்பி இழுத்தோம். அதைப் பற்றி நீ போனில் கேட்டாய். போனில் சொல்ல மாட்டேன். முப்பது வருசம் கம்பத்தில் தொங்கினவன் நான். யார் பேச்சு யார் காதுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு லைன் பக்கத்தில் பக்கத்தில் போனால் இதன் பேச்சு அதில் ஒட்டும். அதனால் எட்டுக் கம்பத்துக்கு ஒருமுறை கம்பிகளை இடம் மாற்றிக் கட்டுவோம். அப்படிக் கட்டியும், லைன் திறந்த மறுநாளே உரக்கடைக்காரர் பேசியது டாக்டர் போனில் கேட்டது. "யாருவே அது, நான் பேதிக்கு மருந்து சொல்லுதேன், நீரு நடுவுல யூரியா சொல்லுதீரு?" என்றார் டாக்டர்.

விசாரணை வந்தது. கம்பங்களின் எண்ணிக்கை தப்பியது தன்னால்தான் என்று அண்ணாச்சி எழுதிக் கொடுத்தார். பழைய கதை. உனக்கு இப்போது எதற்கு?

நல்லக்கண்ணு

பெங்களூரு
19.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு கம்பியின் பேச்சு இன்னொன்றில் ஒட்டாமல் பார்ப்பதுதான் என் வேலையும். நகத்தளவு சிப்புக்குள் கோடிக்கணக்கில் கம்பிகள். ஒன்றில் சிக்னல் ஏறும்போது பக்கத்தது இறங்கினால், இது பிந்திப் போய்ச் சேரும். இரண்டும் சேர்ந்து ஏறினால் முந்திவிடும். எவ்வளவு பிந்தும், எவ்வளவு முந்தும் என்று நான் கணக்குப் பார்க்கிறேன். தவறினால் சிப்பே வீண்.

அப்பாவிடம் ஆசையாகச் சொன்னேன். "எட்டு வரைக்கும் எண்ணத் தெரியாதவன்ட்ட வந்து இதச் சொல்லுத பாத்தியா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் தப்பால்தான் அவர் லைன் இன்ஸ்பெக்டர் ஆகவே இல்லையாம். எண்பத்திரண்டு வயதிலும் மாடிப்படி ஏறும்போது வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஏறுகிறார், மாமா. நிஜமாக அவர்தான் தப்பினாரா?

எப்சிபா

சங்கரன்கோவில்
28.8.2025

அன்பு மகளுக்கு,

"இதையும் எழுதிரவா அண்ணாச்சி?" என்று டீச்சர் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்கிறார். எழுதட்டும்.

மேல் லைனுக்கு அண்ணாச்சி எண்ணினார், கீழ் லைனுக்கு நான். ஓடை தாண்டி ஒரு கம்பம் குறைந்தது. ஒரு மொட்டைப் பனையில் கம்பியைக் கட்டினோம். அண்ணாச்சி பனையையும் சேர்த்து எண்ணினார். நான் சேர்க்கவில்லை. மரம் எப்படிக் கம்பமாகும்? மற்றக் கம்பங்களில் எழுதியிருந்த நம்பரும் எனக்கு வாசிக்கத் தெரியாது. அங்கிருந்து என் லைன் மட்டும் ஒரு கம்பம் தள்ளியே போய்விட்டது. அதில்தான் பேச்சு ஒட்டியது.

விசாரணை அன்றே எனக்குப் புரிந்தது. அப்போது நான் தினக்கூலி. சொன்னால் அன்றோடு வீடுதான். என்னைக் காப்பாற்றத்தான் அண்ணாச்சி பழியை ஏற்றுக்கொண்டார் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அவர் நிஜமாகவே தன் எண்ணிக்கையைச் சந்தேகப்பட்டார் என்பது உன் கடிதம் வந்துதான் தெரியும்.

அவருக்கு இதை வாசித்துக் காட்டு. திட்டினால் திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன். எனக்கு இப்போதே நெஞ்சு லேசாகிவிட்டது. அன்றைக்கு விசாரணைத் தாளில் வைக்காத பெருவிரல் ரேகையை இந்தக் கடிதத்தின் ஓரத்தில் வைத்திருக்கிறேன். அந்தப் பனையும் விழுந்துவிட்டது. இசக்கித்துரை போய்ச் சேர்ந்து பத்து வருசம், சங்கரராமன் போன மாசியில். என்னோடு கம்பம் ஏறினவர்களில் உயிரோடு மிச்சம் இருப்பது, அந்தப் பனையைச் சரியாக எண்ணின ஒரே ஆள், ஜெபசிங் அண்ணாச்சி.