கருகாத காயில்

நிலா, தென்முனை நிலையம். பராமரிப்புக் குறிப்பு.
எழுதுபவர்: மரகதம், வெப்பப் பொறியாளர்.

மார்ச் 3, 07:10

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. எனக்குப் பின்னால் இங்கே வந்து இதைப் படிப்பவருக்கு ஒரு வார்த்தை: இனி இந்தக் குறிப்பில் ஒரு பீங்கான் காயிலைப் (சூடாக்கும் கம்பிச்சுருள்) பற்றித்தான் அதிகம் இருக்கும். சலித்துக்கொள்ளாதீர்கள்.

நிலையத்தில் நாங்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி. இன்னொருவர் பனிக்கட்டிக்காகத் துளைபோடும் கஸ்பார் அண்ணன், தூத்துக்குடிக்காரர். நிலாத் தூசி அவர் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. அவர் உடையிலும் கருவிகளிலும் ஒட்டிய தூசி என்னிடமும் வரக் கூடாது என்று பக்கத்து அறையில் தனியாக இருக்கிறார். பேச்செல்லாம் இண்டர்காமில். சாப்பாடு சுவரில் உள்ள சின்னக் கதவு வழியாக. மூச்சுக்குழாயைத் திறக்கும் மருந்தை ஆவியாக்கி நாளைக்கு மூன்று வேளை இழுக்கிறார். மருந்து பெட்டி பெட்டியாக இருக்கிறது. அதைச் சூடாக்கும் காயில் ஒன்றே ஒன்றுதான். மற்றவை சரக்குக் கலத்தோடு பள்ளத்தில் விழுந்து நொறுங்கிவிட்டன.

பூமியிலிருந்து செய்தி: "ஒரு காயில் இரண்டு வாரம் தாங்கும். அடுத்த கலம் மே மாதக் கடைசியில். பார்த்துக்கொள்ளுங்கள்."

பார்த்துக்கொள்ள வேண்டுமாம். சொல்வதற்கென்ன.

மார்ச் 5, 20:40

காயிலை லென்ஸில் வைத்துப் பார்த்தேன். மண்பானை மாதிரி நுண்துளைகள் நிறைந்த பீங்கான், உள்ளே கம்பி. துளைகளில் மருந்து ஊறியிருக்கும்வரை ஒன்றும் ஆகாது. காய்ந்த இடத்தில் சூடு பட்டால் கருகும். கருகினால் துளை அடைபடும். அப்புறம் வருவது மருந்தல்ல, புகை.

ஆகவே அண்ணனுக்கு உத்தரவு போட்டாயிற்று. மருந்து ஊற்றியதும் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். சூடு குறைவாக இருக்க வேண்டும். ஓர் இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே பொறுக்க வேண்டும். காயிலை அவ்வப்போது என்னிடம் அனுப்பினால் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, கழுவி, ஈரம் போகக் காயவைத்துத் தருவேன். படிவது பெரும்பாலும் மருந்தில் சேர்த்திருக்கும் இனிப்பு என்பதால் இனிப்பில்லாத குப்பிகளாகப் பொறுக்கி அனுப்பினேன்.

"ஏ மரகதம், இது மருந்தா வேப்பெண்ணெயா? கடத்தண்ணி குடிச்சு வளந்தவன் நான். எனக்கே முடியல பிள்ள."

வாயை மூடிக்கொண்டு இழுங்கள் என்றேன். வாயை மூடிக்கொண்டு எப்படி இழுப்பது என்று கேட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மார்ச் 19, 21:05

இரண்டு வாரம் தாண்டியும் காயில் உயிரோடு இருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் கருமை. கழுவியதும் பாதி போய்விட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று துளைக்கருவிக் கம்பியில் ஒரு மாற்றுக் காயில் செய்து பார்த்தேன். மருந்தைக் கருக்கிக் கொட்டியது. தூக்கிப் போட்டேன்.

எனக்குத் தொண்டை வறட்சி. காற்றில் ஈரப்பதத்தைக் கூட்டினேன்.

ஏப்ரல் 9, 22:15

ஈஸ்டர். அண்ணன் இண்டர்காமில் ஜெபம் சொன்னார். பாதியில் மூச்சு வாங்கியது. மீதியை மனசுக்குள் சொல்லிக்கொண்டார் போல.

காயிலில் கருமை போன முறையைவிடக் குறைவு. என் முறை வேலை செய்கிறது. கொஞ்சம் பெருமையாகவே பூமிக்கு எழுதினேன்.

நானும் இருமுகிறேன். மைக்கை அணைத்துவிட்டுத்தான். அண்ணன் கேட்டால் பயந்துபோவார்.

ஏப்ரல் 23, 19:30

காலிக் குப்பிகள் கணக்குப்படி திரும்பி வருகின்றன. காயில் வெள்ளை வெளேரென்று வந்தது. கழுவவே வேண்டியிருக்கவில்லை. சந்தோஷத்தில் தனியாகப் பாட்டுப் பாடினேன்.

ஆனால் அவருடைய ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே போகிறது. பூமியிலிருந்து எங்களைக் கவனிக்கும் டாக்டர் ஷாஜிதாவிடமிருந்து செய்தி: "மருந்து எடுப்பவருக்கு இவ்வளவு இறங்கக் கூடாது. கருவியைச் சோதியுங்கள்." பேட்டரி, கம்பி, அடைப்பான் எல்லாம் பார்த்தேன். கருவியில் ஒரு குறையும் இல்லை.

மே 6, 23:50

சாயங்காலம் அவராகவே அழைத்தார். காயில் எப்படி இருக்கிறது என்று கேட்டார். புதுசு போல என்றேன்.

"இருக்கும்லா. ஈஸ்டர்ல இருந்து நான் அதத் தொடல. அதுக்கு முன்னயும் அரகொறதான்."

எனக்குப் புரியவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"மைக்க அணைச்சிட்டு இருமுனா கேக்காதுன்னு நெனச்சியா? நடுவுல தகரச் சுவரு தானே பிள்ள. எனக்கும் இதே வறட்டு இருமல்லதான் ஆரம்பிச்சுது. ஒத்தக் காயிலு ரெண்டு பேருக்குத் தாங்காது. நீ வீட்டுக்குப் போவணும்."

தனியறை விதியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே ஓடினேன். கருவியை அவர் வாயில் வைத்தேன். இழுக்க அவரிடம் மூச்சில்லை. என் கையைத் தட்டிக்கொடுத்தார், ஏதோ நான்தான் நோயாளி என்பது போல.

மே 7

கஸ்பார் அண்ணன் போய்விட்டார். நேரம் குறிக்கவில்லை.

அவருடைய தண்ணீர்ப் பை நிறைய மருந்து. நான் அனுப்பிய ஒவ்வொரு குப்பியையும் அதில் ஊற்றிவிட்டுக் காலிக் குப்பியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். வெள்ளையாக வந்த காயிலைப் பார்த்துவிட்டு நான் பாடியதும் அந்தச் சுவர் வழியாக அவருக்குக் கேட்டிருக்கும்.

மே 11, 06:20

நான்கு நாளாகக் கருவியைத் தொடவில்லை. டாக்டர் ஷாஜிதாவின் செய்தி: "மரகதம், உன் ஆக்சிஜன் அளவு எனக்குத் தெரிகிறது. அவர் உனக்காக வைத்துவிட்டுப் போனதை வீணாக்காதே."

டாக்டரைத் திட்டி ஒரு பதில் அனுப்பினேன். பிறகு மருந்தை ஊற்றினேன். பத்து நிமிடம் ஊறவிட்டேன். குறைந்த சூடு. இழுத்தேன்.

வேப்பெண்ணெயேதான். கருகல் வாடை துளியும் இல்லை. நெஞ்சு திறந்தது. ஓர் இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே பொறுக்க வேண்டுமல்லவா, அந்த நேரத்தில் அழுதேன். இழுக்கும்போது அழ முடியவில்லை.

மே 29, 16:00

கலம் தெரிகிறது. ஒரு மணி நேரத்தில் இறங்கும்.

பூமியிலிருந்து செய்தி: "இரண்டு வாரக் காயில் மூன்று மாதம் தாங்கியிருக்கிறது. உங்கள் முறையை உடனே எழுதி அனுப்புங்கள். எல்லா நிலையங்களுக்கும் கொடுக்கப்போகிறோம்."

எழுதுகிறேன்.

மருந்து ஊற்றியதும் பத்து நிமிடம் ஊறவிடவும். சூட்டைக் குறைவாக வைக்கவும். இனிப்பில்லாத மருந்து நல்லது. ஸ்பிரிட்டில் கழுவி, ஈரம் போகக் காயவைக்கவும். சுரண்டக் கூடாது. இவ்வளவும் செய்தால் ஒரு மாதம் வரும். அதற்கு மேல் வராது.

மீதி நாட்களுக்கு, பக்கத்து அறையில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு இழுக்காமல் இருக்க வேண்டும். காயில் எப்படி இருக்கிறது என்று மட்டும் அவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.